ஓடும்போது துடிப்பு 188 வரை போனால் ஆபத்தா?

கேட்டவருக்கு வயது 41. நான்கு மாதமாகப் பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓடுகிறார். வாரத்தில் மூன்று நாள் மெதுவான ஓட்டம், ஞாயிறு மட்டும் 400 மீட்டர் வேக ஓட்டம் ஆறு சுற்று, சுற்றுக்குச் சுற்று நடுவில் இரண்டு நிமிடம் நடை. போன ஞாயிறு ஆறாவது சுற்று முடியும்போது கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச் 188 காட்டியிருக்கிறது. 220-இல் வயதைக் கழித்தால் வரும் உச்சத் துடிப்பு 179தானே, ஒன்பது கூடிவிட்டதே, மச்சான் வேறு "இப்படியே ஓடினா ஒருநாள் ஹார்ட் நின்னுடும்" என்று வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டார், நிறுத்திவிடட்டுமா என்பது கேள்வி. நெஞ்சு வலி இல்லை, மயக்கம் இல்லை, சர்க்கரை, பிபி இரண்டும் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆறு சுற்றுக்கும் வாட்ச் காட்டிய எண்களையும் கொடுத்திருக்கிறார். அதுதான் பெரிய உதவி, பின்னால் வருகிறேன்.

முதலில் பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நிறுத்தத் தேவையில்லை. 188 என்ற எண்ணை மட்டும் சொல்லியிருந்தால் என்னால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க முடியாது. துடிப்பு எப்படி ஏறியது, நின்றதும் எப்படி இறங்கியது, அப்போது உடம்புக்கு என்ன தோன்றியது என்ற மூன்றும் தெரிந்தால்தான் உச்ச எண்ணுக்கே அர்த்தம் வருகிறது.

நான் டாக்டர் இல்லை. பதினாறு வருடமாக இதயப் பிரிவில் டிஎம்டி எடுக்கும் டெக்னீஷியன். (கம்பி விளம்பரத்தில் வரும் டிஎம்டி இல்லை, நெஞ்சில் ஒயரை ஒட்டி டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும் பரிசோதனை.) ஒரு நாளைக்கு எட்டுப் பத்துப் பேர் என் கண் முன்னால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நடக்கிறார்கள். அவர்கள் துடிப்பு ஏறுவதையும் இறங்குவதையும் திரையில் பார்ப்பதுதான் என் பிழைப்பு.

எங்கள் டிரெட்மில் ஓடுவது புரூஸ் முறைப்படி. சியாட்டிலில் ராபர்ட் புரூஸ் என்ற இதய மருத்துவர் 1963-இல் வெளியிட்ட முறை, இன்றைக்கும் அதேதான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், பத்து சதவீத ஏற்றம், கோயில் பிராகாரம் சுற்றுவது மாதிரி. மூன்றாவது கட்டத்தில் 5.5 கிலோமீட்டர், பதினான்கு சதவீதம் என்று வரும்போது பேச்சு நின்றுவிடும். திரையின் ஒரு மூலையில் மெஷின் தானாகவே 220-இல் வயதைக் கழித்து, இப்போது உங்கள் துடிப்பு அதில் எத்தனை சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். 85 சதவீதம் வந்தால் போதுமான அளவு சிரமப்பட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். நூறைத் தாண்டுபவர்கள் ஏராளம். 52 வயது அம்மா ஒருவர், மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் கிடையாது, கணக்குப்படி 168தான் அவர் எல்லை, 181 வரை போய், "இன்னும் கொஞ்சம் நடக்கட்டுமா தம்பி" என்று கேட்டார். ஈசிஜி துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். அதே வாரம் 36 வயதுப் பையன் 163-லேயே கால் துவண்டு கம்பியைப் பிடித்துத் தொங்கினான். அவனுக்கும் இதயத்தில் ஒன்றுமில்லை, அவன் உச்சமே அவ்வளவுதான் போலிருக்கிறது, அல்லது கால் முந்திக்கொண்டது.

இந்த 220 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். 1971-இல் ஃபாக்ஸ், நாட்டன், ஹாஸ்கெல் என்ற மூன்று பேர், அதற்கு முன் பலர் செய்திருந்த ஆய்வுகளின் எண்களை ஒரே வரைபடத்தில் புள்ளிகளாகப் போட்டு, நடுவே கண்ணளவில் ஒரு கோடு இழுத்தார்கள். வயதுக்கு ஒன்று குறைகிறது என்று வைத்தால் கோட்டோடு சுமாராக ஒத்துப்போனது. மனதில் வைத்துக்கொள்ளச் சுலபமான கணக்கு என்பதால் ஜிம் சுவரில் ஏறியது, டிரெட்மில்லில் ஏறியது, இப்போது வாட்சில் உட்கார்ந்திருக்கிறது. இதைப் பயிற்சியை ஆட்டிவைக்கும் கறாரான அளவாக நாங்கள் நினைக்கவே இல்லை என்று அந்த ஹாஸ்கெலே பின்னாளில் சொன்னார். யார் கேட்டார்கள்?

2001-இல் தனகா என்பவரும் கூட்டாளிகளும் நிறைய ஆய்வுகளைத் திரட்டி, 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் வேறொரு கணக்கைக் கொடுத்தார்கள். அறுபது வயதுக்காரருக்கு இது ஆறு துடிப்பு வித்தியாசம் காட்டும் (160-க்குப் பதில் 166). ஆனால் வேடிக்கை என்னவென்றால் இரண்டு கணக்கும் சரியாக நாற்பது வயதில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. உங்களுக்கு எதைப் போட்டாலும் 179தான் வரும். ஆகவே கணக்கை மாற்றிப் பயனில்லை. பார்க்க வேண்டியது சிதறலை. ஒரே வயதுக்காரர்களின் உண்மையான உச்சத் துடிப்பு அந்தச் சராசரியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு அளவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பரவிக் கிடக்கிறது, அதாவது 41 வயதுக்காரர்கள் நூறு பேரை மூச்சு முட்ட ஓடவிட்டால் ஏறக்குறைய எழுபது பேர் 168-க்கும் 190-க்கும் இடையில் விழுவார்கள், மீதிப் பேர் அதற்கும் வெளியே. நீங்கள் அந்த எழுபதுக்குள்ளேயே இருக்கிறீர்கள். சட்டை சைஸ் மாதிரிதான் இது, 41 வயசு என்றால் 40 சைஸ் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னால் சிரிப்போமா இல்லையா.

சரி, இதயம் ஏன் அவ்வளவு வேகமாக அடிக்க வேண்டும்? சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு அடிக்கு 70 மில்லி ரத்தம், நிமிடத்துக்கு 70 அடி, ஆக ஏறக்குறைய ஐந்து லிட்டர். வேகமாக ஓடும்போது கால் தசைகள் ஆக்சிஜன் ஆக்சிஜன் என்று கத்துகின்றன, தேவை நான்கு மடங்காகிறது. உங்கள் ஆறாவது சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அடிக்கு ஒரு 105 மில்லி என்று வைத்தால் 188 அடிக்கு இருபது லிட்டர் வருகிறது. வீட்டுக்கு வருமே தண்ணீர் கேன், அது நிறைய, ஒரே நிமிடத்தில், மூடிய கை அளவு இருக்கும் ஒரு தசை தள்ளுகிறது. அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் வேலை செய்யும் தசைகளுக்கே போகிறது, வயிறு, சிறுநீரகம் எல்லாம் அந்த நேரத்துக்குக் குறைந்த பங்கோடு காத்திருக்கின்றன. சாப்பிட்ட உடனே ஓடினால் ஏன் குமட்டுகிறது என்பதற்கும் இதுவே பாதிக் காரணம்.

ஒரு அடிக்கு எவ்வளவு ரத்தம் என்பது, பயிற்சி குறைந்தவர்களுக்கு, பாதிச் சிரமத்திலேயே கிட்டத்தட்ட உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அதற்குமேல் தேவை கூடினால் அடியின் எண்ணிக்கையைக் கூட்டுவது ஒன்றுதான் வழி. உலகத் தர ஓட்டக்காரருக்கும் உச்சத் துடிப்பு உங்களை மாதிரி 185, 190தான், சிலருக்கு அதைவிடக் குறைவு. ஆனால் அவர் இதயம் ஒரு அடிக்கு 180, 200 மில்லி தள்ளும், நிமிடத்துக்கு இரண்டு கேன். பயிற்சியால் மாறுவது கேனின் எண்ணிக்கை. உச்சத் துடிப்பு பெரிதாக மாறுவதில்லை, இன்னும் சொன்னால் நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு அது சில துடிப்பு குறையவே செய்கிறது. அதனால் "ஃபிட் ஆனவன் என்றால் துடிப்பு ஏறவே கூடாது" என்று ஜிம்மில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அவர்களுக்கும் ஏறும், அந்த எண்ணுக்கு வர அவர்கள் நம்மைவிட ரொம்ப வேகமாக ஓட வேண்டியிருக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இதயத்தின் சொந்த வேகமே நிமிடத்துக்கு நூறு வாக்கில்தான். வேகஸ் என்ற நரம்பு எந்நேரமும் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டிருப்பதால்தான் ஓய்வில் எழுபதில் நிற்கிறது. மாற்று இதயம் பொருத்தியவர்களுக்கு அந்த நரம்பு அறுபட்டிருப்பதால் சும்மா இருக்கும்போதே 90, 100 என்று ஓடும். நீங்கள் ஓடத் தொடங்கியதும் முதலில் நடப்பது பிரேக்கிலிருந்து கால் எடுப்பது, அது சில நொடியில் முடிந்துவிடும். நூறுக்கு மேல் போக அட்ரினலின் வகையறா வேலை செய்ய வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். உங்கள் முதல் சுற்று உச்சம் 171-லேயே நின்றதற்கு ஒரு காரணம் இதுதான், இதயம் முழுசாக ஏறி வருவதற்குள் இரண்டு நிமிடச் சுற்று முடிந்துபோனது.

இப்போது உங்கள் எண்கள். சுற்றுவாரியாக உச்சம் 171, 176, 180, 184, 186, 188. இரண்டு நிமிட நடை முடிவில் 118, 122, 125, 129, 131, 134. கடைசிச் சுற்று நின்று ஒரு நிமிடத்தில் 154. இதை என் மேசையில் யாராவது வைத்தால் நான் அடுத்த பேஷண்டைக் கூப்பிடப் போய்விடுவேன், அவ்வளவு ஒழுங்கு. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கொஞ்சம் உயரம், படிகள் சுருங்கிக்கொண்டே வந்து மேலே தட்டையாகிறது, நடக்கும்போதெல்லாம் ஐம்பதுக்கு மேல் இறங்குகிறது. எங்கேயும் திடீர்த் தாவல் இல்லை.

அந்த 188-லிருந்து 154, ஒரு நிமிடத்தில் 34 இறக்கம், அது எனக்கு 188-ஐவிட முக்கியமான எண். அமெரிக்காவில் கிளீவ்லாந்து கிளினிக்கில் 2,400-க்கும் மேற்பட்டவர்களுக்கு டிரெட்மில் பரிசோதனை செய்து, பின்னர் ஆறு வருடம் தொடர்ந்து பார்த்து, 1999-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உச்சத்திலிருந்து முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்கும் குறைவாகவே துடிப்பு இறங்கியவர்கள் அடுத்த வருடங்களில் இறந்துபோகும் வாய்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடுதல். அவர்களைச் சட்டென்று நிறுத்தாமல் மெதுவாக நடக்கவிட்டுத்தான் எண்ணினார்கள், நீங்கள் செய்வதும் அதுதான். பிரேக் நரம்பு எவ்வளவு சீக்கிரம் திரும்பவும் கால் வைக்கிறது என்பதற்கான அளவு அது. 34 நல்ல எண். ஒருநாள் தூக்கம் கெட்டு இருபதாகக் குறைந்தால் அதற்கும் பதறாதீர்கள், மாதக்கணக்கில் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

வாட்சை நம்பலாமா என்றால், பாதி. அது பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அடித்து, ரத்தம் வந்து போகும்போது வெளிச்சம் திரும்பி வருவது கூடிக் குறைவதை எண்ணுகிறது. ஓடும்போது கை ஆடுகிறது, பட்டை தளர்கிறது, வியர்வை வேறு. அப்போது துடிப்புக்குப் பதில் உங்கள் காலடியை எண்ண ஆரம்பித்துவிடும். நிமிடத்துக்கு 160, 170 காலடி என்பது சாதாரணம், அது துடிப்பு மாதிரியே இருக்கும் எண் என்பதால் கண்டுபிடிக்கவும் முடியாது. அடையாளம் ஒன்று சொல்கிறேன்: மெதுவாக ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே 170-க்குப் போய், அங்கேயே மேசை மாதிரித் தட்டையாக நின்றால் அது கால். உங்கள் கிராஃப் அப்படி இல்லை, சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்குகிறது, அதனால் அநேகமாக உண்மை. சந்தேகம் இருந்தால் நெஞ்சில் கட்டும் பட்டை வாங்குங்கள், அது ஈசிஜி மாதிரி மின்சாரத்தையே எடுக்கும். ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலேயே ஒயர் இல்லாமல் செய்துகாட்டிய சமாச்சாரம், இன்னும் கைக்கடிகாரத்தைவிட அதுதான் நம்பகமானது. காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் நின்ற உடனே கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரல் வைத்துப் பத்து நொடி எண்ணி ஆறால் பெருக்குங்கள். ஒரு அடி தவறினால் ஆறு தவறும், பரவாயில்லை. ஒரு நிமிடம் முழுக்க எண்ணினால் மட்டும் பிரயோஜனமில்லை, எண்ணி முடிப்பதற்குள் முப்பது இறங்கியிருக்கும்.

இனிமேல் சென்னை விஷயம். வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் இதயத்துக்கு இரண்டு முதலாளிகள். தசைக்கும் ரத்தம் வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் வேண்டும். வியர்வையாகத் தண்ணீர் போகப்போக ரத்தத்தின் அளவே குறைகிறது, ஒரு அடிக்குத் தள்ளும் அளவு குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் நாற்பது நிமிடத்தில் பத்து, பதினைந்து துடிப்பு தானாக மேலே நகர்வதற்குக் காரணம் இதுதான். கடற்கரையில் இன்னும் மோசம், காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது, சொட்டிய வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. டிசம்பர் காலையில் 155-இல் ஓடிய அதே வேகம் மே மாதத்தில் 168 கேட்டால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. வெயில் பழக உடம்புக்குப் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும், அதுவரை வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. 

துடிப்பை ஏற்றும் வேறு சில்லறைக் காரணங்களும் உண்டு. தூக்கமின்மை, முந்தின இரவு மது, ஓட்டத்துக்கு முன் குடித்த இரண்டு டம்ளர் ஸ்ட்ராங் காபி, ஜிம்மில் தண்ணீரில் கலக்கித் தரும் ப்ரீ ஒர்க்அவுட் பொடி (பலவற்றில் ஒரு ஸ்கூப்பிலேயே இரண்டு மூன்று காபிக்கான காஃபீன் இருக்கும்), மூக்கடைப்புக்குப் போடும் சளி மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர். காய்ச்சல் என்றால் ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்துத் துடிப்பு வாக்கில் கூடும். காய்ச்சலோடு வேக ஓட்டம் ஓடவே கூடாது, டெங்கு, கொரோனா மாதிரி வந்து போன பிறகும் சில வாரம் மெதுவாகத்தான் திரும்ப வேண்டும், வைரஸ் சில சமயம் இதயத் தசையையே வீங்க வைக்கும்.

இதில் ரத்தசோகையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தால் ஒவ்வொரு அடியும் சுமக்கும் ஆக்சிஜன் குறைவு, இதயம் கூடுதல் அடி அடித்துத்தான் ஈடுகட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பெண்கள் ஓடத் தொடங்கி, "எனக்கு மட்டும் ஏன் நடந்தாலே 150 போகிறது" என்று கேட்டால் நான் முதலில் கேட்பது "ஹெச்பி பார்த்தீங்களாம்மா?" என்றுதான். அப்புறம் தைராய்டு. இரண்டும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், அதற்குப் பத்தாயிரம் ரூபாய் வாட்ச் தேவையில்லை.

இதற்கு நேர்மாறான ஆட்களும் உண்டு. பிபிக்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ஒற்றைத் தலைவலிக்கோ பதற்றத்துக்கோ ப்ரோப்ரனோலால் சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்களுக்கு 130 என்பதே உச்சமாக இருக்கலாம். சுவரில் ஒட்டிய அட்டவணையைப் பார்த்து 150-ஐத் தொட முயன்று திணறுவார்கள். அட்டவணையில் உள்ள துடிப்பு வரும் வரைக்கும் ஓடவேண்டும் என்று அடம்பிடித்த ஒரு பெரியவரை, "ஐயா, மாத்திரை பிரேக்கை அழுத்திப் பிடிச்சிருக்கு, நீங்க ஆக்சிலேட்டரை மிதிச்சு என்ன பண்ண" என்று சொல்லி இறக்கினேன்.

மச்சான் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இதயத் தசைக்கு ரத்தம் போவது பெரும்பாலும் இரண்டு அடிக்கு இடையே அது ஓய்வெடுக்கும் நேரத்தில்தான். நிமிடத்துக்கு 60 என்றால் ஒரு சுழற்சிக்கு ஒரு நொடி, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வு. 180 என்றால் மொத்தச் சுழற்சியே நொடியில் மூன்றில் ஒரு பங்குதான், அதிலும் ஓய்வு நேரம்தான் அதிகம் சுருங்குகிறது. ரத்தக் குழாய் நன்றாக இருப்பவருக்கு அந்தக் குழாய்கள் விரிந்து நான்கைந்து மடங்கு ரத்தம் விடுவதால் பிரச்சினை இல்லை. குழாயில் கொழுப்பு படிந்து குறுகியிருந்தால், தேவை உச்சத்தில், நேரம் குறைவு, வழியும் குறுகல், மூன்றும் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். அப்போது 188 வேண்டியதே இல்லை, 130-லேயே நெஞ்சு இறுகும். டிஎம்டியில் நாங்கள் தேடுவதே அந்தக் கணத்தைத்தான், ஈசிஜியில் ஒரு கோடு கீழே இறங்குவதை.

தெற்காசியர்களான நமக்கு இது கொஞ்சம் சீக்கிரமாகவே வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த வயது சுமார் 53, மற்றவர்களுக்குச் சுமார் 59. ஆகவே 41 என்பது நம் ஊரில் அவ்வளவு இளவயதும் இல்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55-க்கு முன் மாரடைப்பு, வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீர் மரணம், சிகரெட், சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால் இதில் ஏதாவது இருந்தால் வேக ஓட்டத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு ஒரு இதய மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, பிபி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. எட்டு வருடத்துக்கு முன் கம்பெனி செக்கப்பில் பார்த்தது கணக்கில் சேராது.

என் வேலையைப் பற்றியே ஒரு உண்மை: டிஎம்டி நார்மல் என்றால் குழாய் சுத்தம் என்று அர்த்தமில்லை. பாதிக்கும் குறைவான அடைப்பு அதில் பெரும்பாலும் தெரியாது. "நார்மல்" என்ற தாளைப் பையில் வைத்துக்கொண்டு நெஞ்சு இறுக்கத்தை அலட்சியம் பண்ணியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எதைக் கண்டால் நிற்க வேண்டும்? ஓடும்போது நெஞ்சு நடுவில் அழுத்தம், கல் வைத்த மாதிரி, தாடைக்கோ இடது கைக்கோ முதுகுக்கோ பரவுவது, நின்றால் சில நிமிடத்தில் போய்விடுவது. போய்விட்டதே என்று நிம்மதியடையாதீர்கள், நின்றால் போவதுதான் அதன் குணமே. நம் ஊரில் இதற்குப் பெயர் "கேஸ்". ஓம வாட்டர் குடித்து, சோடா குடித்து, ஏப்பம் விட்டு, மறுநாளும் ஓடப் போவார்கள். ஓடினால் வந்து நின்றால் போகும் கேஸ் எதுவும் கேஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும்போதே அந்த அழுத்தம் வந்து, விடாமல் நீடித்தால் ஓம வாட்டர் நேரமே இல்லை, 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் இருட்டி விழுவது இன்னொன்று. ஓடி முடித்துச் சட்டென்று நின்றதும் கிறுகிறுப்பது வேறு கதை, காலில் ரத்தம் தேங்குவதால் வருவது, ஐந்து நிமிடம் நடந்தால் வராது. ஓட்டத்தின் நடுவில் மயக்கம் என்றால் இதயத் தசை தடித்துப்போகும் பிறவிக் கோளாறு முதல் பல பெரிய விஷயங்கள் அதற்குப் பின்னால் இருக்கலாம், அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டுப் பரிசோதித்த பிறகுதான் மறுபடி.

மூன்றாவது, துடிப்பின் தாவல். நல்ல துடிப்பு மாடிப்படி மாதிரி ஏறும், மாடிப்படி மாதிரி இறங்கும். 140-இல் ஓடிக்கொண்டிருந்தவருக்கு ஒரே கணத்தில், சுவிட்ச் போட்ட மாதிரி, 210 ஆகி, நின்று பத்து நிமிடம் ஆகியும் 200-லேயே இருந்து, பிறகு மறுபடி சுவிட்ச் அணைத்த மாதிரி 100 ஆனால், அது இதயத்தின் மின்சார ஒயரிங்கில் ஒரு குறுக்கு வழி. பெரும்பாலும் சிகிச்சையில் சரியாகிவிடக் கூடியது, ஆனால் காட்டியே ஆக வேண்டும். தாளமே இல்லாமல் தத்தித் தத்தி அடித்தாலும் அப்படித்தான். அந்த நேரத்தில் வாட்சில் ஈசிஜி எடுக்கும் வசதி இருந்தால் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் போகும்போது துடிப்பு சரியாகிவிட்டிருக்கும், "இப்ப ஒண்ணுமில்லையே" என்பார்கள், அந்த முப்பது நொடிப் பதிவுதான் சாட்சி.

உங்களுக்கு இது எதுவும் இல்லை என்பதால் ஞாயிறு ஓட்டத்தைத் தொடரலாம், வாரம் ஒன்று போதும். நான் சந்தேகப்படுவது மற்ற மூன்று நாட்களை. "மெதுவான ஓட்டம், 160 வாக்கில்" என்று எழுதியிருக்கிறீர்கள். 190 உச்சம் உள்ளவருக்கு 160 என்பது 84 சதவீதம், அது மெது இல்லை. நான்கு மாதக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான், வேகமான நாளில் போதுமான வேகம் இல்லை, மெதுவான நாளில் போதுமான மெது இல்லை. பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்றைய மேட்சைப் பற்றி முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும், "ஆமா", "இல்ல" என்ற அளவுக்கு வந்துவிட்டால் குறையுங்கள். 135, 140-இல் ஓடினால் நடப்பவர்களே உங்களைத் தாண்டிப் போவார்கள், வெட்கமாக இருக்கும், நடுநடுவே நடந்தும் ஆக வேண்டியிருக்கும். முதல் இரண்டு வாரத்திலேயே ரத்தத்தில் நீரின் அளவு கூடி அதே வேகத்துக்குத் துடிப்பு கொஞ்சம் இறங்கத் தொடங்கும், மாதங்கள் போகப்போக ஒரு அடிக்குத் தள்ளும் ரத்தம் கூடி இன்னும் இறங்கும்.

வாட்ச் செட்டிங்கில் போய் உச்சத் துடிப்பை 179-லிருந்து 190-ஆகக் கையால் மாற்றிவிடுங்கள். 188 நீங்களே பார்த்தது, ஆறாவது சுற்றில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள், ஆகவே 190 நியாயமான கணக்கு. சிவப்பு எச்சரிக்கை பாதி இதோடு நின்றுவிடும். உண்மையான உச்சம் என்ன என்று பார்க்கத் தனியாகச் செத்துப் பிழைக்கும் அளவுக்கு ஓடிப் பார்க்க வேண்டாம், அந்த எண் தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்கள். நான்காவது சுற்றிலும் ஆறாவது சுற்றிலும் நின்றதும் கழுத்தில் கை வைத்துப் பத்து நொடி எண்ணி, வாட்ச் அதே நேரத்தில் என்ன காட்டியது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் பத்துக்குள் ஒத்துப்போனால் வாட்ச் காலை எண்ணவில்லை. ஹெச்பி, சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிபி நான்கையும் இந்த மாதமே பார்த்துவிட்டு அந்த எண்களையும் சேர்த்து எழுதுங்கள். முடிந்தால் மச்சானையும் ஒரு நாள் கூட்டிப்போய் அவருக்கும் பாருங்கள், அவர் ஓடுவதே இல்லை என்று எழுதியிருந்தீர்களே.